மருந்துக்கான மரபணுச் சோதனை: எப்போது வேண்டும், அறிக்கையை எப்படிப் படிப்பது

கோடீன் மாத்திரை தானாக வலியைத் தணிப்பதில்லை. விழுங்கிய கோடீனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதைக் கல்லீரலில் உள்ள சிஒய்பி2டி6 என்ற நொதி மார்ஃபினாக மாற்றுகிறது. வலி அடங்குவது பெரும்பாலும் அந்த மார்ஃபினால்தான். இந்த நொதிக்கான மரபணு, தாயிடமிருந்து வந்ததும் தந்தையிடமிருந்து வந்ததும் இரண்டுமே பழுதாக அமைந்தவருக்குக் கோடீன் பேருக்குத்தான் வலி மாத்திரை. குமட்டலும் மலச்சிக்கலும் வரும், வலி அப்படியே இருக்கும். சிலருக்கோ அதே மரபணு இரண்டுக்குப் பதில் மூன்று, நான்கு பிரதிகளாக இருக்கும். அவர்கள் உடம்பில் வழக்கமான அளவு கோடீனே மளமளவென்று மார்ஃபினாக மாறி, மூச்சை மந்தமாக்கிவிடும். டான்சில் அறுவைக்குப் பின் கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சிலர் இப்படி இறந்துபோன பிறகுதான் 2013இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தன் உச்சகட்ட எச்சரிக்கையை வெளியிட்டது. 2017இல், 12 வயதுக்கு உட்பட்ட யாருக்கும் கோடீன் கூடாது என்றே சொல்லிவிட்டது. டிரமடால் என்ற வலி மருந்துக்கும் இதே தடைதான், காரணமும் இதேதான்.

இப்போது மந்த நொதிக்காரருக்கு, அதாவது இரண்டு மரபணுவும் பழுதான அதே ஆளுக்கு, நரம்பு வலிக்காக நார்டிரிப்டிலின் கொடுத்துப் பாருங்கள், கதை தலைகீழாகிவிடும். நார்டிரிப்டிலின் விழுங்கும்போதே வேலை செய்யும் மருந்து. அதைச் சிதைத்து வெளியேற்றுவதுதான் சிஒய்பி2டி6இன் வேலை. நொதி இல்லையென்றால் மருந்து ரத்தத்தில் தேங்கும். வாய் வறளும், பகலெல்லாம் தூக்கம் அழுத்தும், நெஞ்சு படபடக்கும். கோடீன் பலிக்காத அதே ஆளுக்கு நார்டிரிப்டிலின் பாதி அளவே அதிகமாகலாம். அதனால் ‘என் மரபணு நல்லதா, கெட்டதா’ என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எந்த மருந்துக்கு, அந்த மருந்தை இந்த நொதி உயிர்ப்பிக்கிறதா அழிக்கிறதா என்று கேட்டால்தான் அறிக்கையில் இருக்கும் வரிக்குப் பொருள் வரும்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் குளோபிடோக்ரெல் முதல் வகை. விழுங்கிய 75 மில்லிகிராமில் ஏறத்தாழ 85 சதவீதத்தை வேறு நொதிகள் வீணாக்கிவிடும். மிஞ்சியது இரண்டு படிகளைக் கடந்துதான் ரத்தத் தட்டணுக்களைத் தடுக்கும் பொருளாக மாறுகிறது. இரண்டு படியிலும் சிஒய்பி2சி19 நொதிக்குப் பங்கு உண்டு. இந்த மரபணுவில் *2, *3 என்று குறிக்கப்படும் வகைகள் வேலை செய்யாதவை. ஒன்று இருந்தால் ‘இடைநிலை’, இரண்டும் அப்படி இருந்தால் ‘மந்தம்’. ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் பத்தில் மூன்று பேரிடம் இப்படி ஒன்றாவது உண்டு. கிழக்காசியர்களிலும் தெற்காசியர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேரிடம், சில இடங்களில் அதற்கும் மேல். மருந்தை ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டும் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைவதற்கு இது ஒரு காரணம். 2010 முதல் மருந்தின் விவரக்குறிப்பிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. இதே வேலைக்கான வேறு மருந்துகளான பிரசுக்ரெல், டிகாக்ரெலார் இரண்டும் இந்த நொதியை நம்பியிருக்கவில்லை. ஆனால் அவற்றில் ரத்தக்கசிவு கூடுதல், முன்பு பக்கவாதம் வந்தவருக்குப் பிரசுக்ரெல் கூடவே கூடாது. ஆகவே எல்லோருக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டால் போயிற்று என்று சொல்ல முடியாது. யாருக்கு மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் சோதனை. ஸ்டென்ட் வைத்த முதல் சில மாதங்களில்தான் அபாயம் மிகுதி. இரண்டு வருடம் கழித்து இந்தச் சோதனையைச் செய்துகொள்வதில் பெரிய பயனில்லை.

இதே நொதியை ஓமெப்ரசோல், எசோமெப்ரசோல் ஆகிய அசிடிட்டி மாத்திரைகள் தடுக்கும். மரபணு முழுக்கச் சரியாக இருப்பவரும் குளோபிடோக்ரெலோடு இவற்றைச் சேர்த்துச் சாப்பிட்டால் ஓரளவு இடைநிலைக்காரர் போல ஆகிவிடுகிறார். பான்டோபிரசோல் அவ்வளவு தடுப்பதில்லை. அதனால்தான் விவரம் தெரிந்த மருத்துவர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்.

அறிக்கையில் பலரும் தவறாகப் படிக்கும் குறி *1. ‘*1/*1 – இயல்பு’ என்று பார்த்ததும், மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்துக் குறை எதுவும் இல்லையென்று உறுதி செய்துவிட்டார்கள் என்று தோன்றும். பெரும்பாலான சோதனைகள் அப்படிப் படிப்பதில்லை. முன்கூட்டியே குறித்து வைத்த சில இடங்களை மட்டும் பார்க்கின்றன. அந்த இடங்களில் மாற்றம் எதுவும் தென்படவில்லையென்றால் *1 என்று போடுவது வழக்கம். அதாவது ‘தேடியது கிடைக்கவில்லை’ என்பதுதான் அதன் பொருள். எதைத் தேடினார்கள் என்பது அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். முதலில் படிக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான். அந்தப் பட்டியலே இல்லாத அறிக்கையை நான் நம்ப மாட்டேன்.

சிஒய்பி2டி6 விஷயத்தில் இது இன்னும் சிக்கல். பக்கத்திலேயே சிஒய்பி2டி7 என்று, பார்வைக்கு அச்சு அசலாக இதைப் போலவே இருக்கும், வேலை செய்யாத ஒரு மரபணு உண்டு. மலிவான சோதனை இரண்டையும் குழப்பிக்கொள்ளும். தவிர, இந்த மரபணு முழுசாகவே காணாமல் போயிருக்கலாம் (*5), அல்லது பெருகியிருக்கலாம். பிரதிகளின் எண்ணிக்கையை எண்ணாத சோதனை இவை இரண்டையுமே தவறவிடும். கோடீன் ஆபத்து இருப்பதே பெருகிய பிரதிகளில்தான், அதையே பார்க்காத சோதனை ‘இயல்பு’ என்று சான்று கொடுக்கும். சரியான அறிக்கையில் ‘பிரதி எண்ணிக்கை’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். ‘செயல்பாட்டு மதிப்பெண்’ என்று இன்னொரு வரியும் இருக்கும். ஒவ்வொரு பிரதிக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள்: *1க்கு 1, *4க்கு 0, கிழக்காசியர்களிடம் மிகுதியாக உள்ள *10க்கு 0.25. கூட்டுத்தொகை 0 என்றால் மந்தம், 1.25 முதல் 2.25 வரை இயல்பு, அதற்கு மேலே அதிவேகம், பூச்சியத்துக்கும் 1.25க்கும் இடைப்பட்டது இடைநிலை. *1/*10 என்றால் 1.25, இயல்பின் கீழ்ப்படி. *10/*10 என்றால் 0.5, இடைநிலை.

இந்த மதிப்பெண்ணையும் கூடச் சாப்பிடும் மருந்து மாற்றிவிடும். மனச்சோர்வுக்கான பராக்ஸிடின், ஃப்ளூவாக்ஸிடின், பூப்ரோபியான் மூன்றும் சிஒய்பி2டி6ஐ வலுவாக அடக்குபவை. மதிப்பெண் 2 உள்ளவர் பராக்ஸிடின் சாப்பிடும் காலம் முழுக்க, நடைமுறையில் மந்த நொதிக்காரர்தான். அப்போது அவருக்கு டிரமடால் சரியாகப் பலிக்காது. அறிக்கை பொய் சொல்லவில்லை. அது மரபணுவைத்தான் சொல்கிறது, இன்றைக்கு நொதி என்ன நிலையில் இருக்கிறது என்பதை அல்ல. மருந்துச் சீட்டை முழுசாகப் பார்க்காமல் மரபணு அறிக்கையை மட்டும் பார்த்து அளவு சொல்வது அரைகுறை வேலை.

இனி, என் பார்வையில் சோதிக்காமல் தொடங்கவே கூடாத மருந்துகள். இவற்றில் முதல் மாத்திரைக்கு முன்பே முடிவு கையில் இருக்க வேண்டும்.

எச்ஐவிக்கான அபகாவிர் மிகத் தெளிவான உதாரணம். சோதனையில்லாமல் கொடுத்த காலத்தில், சாப்பிட்டவர்களில் 5 முதல் 8 சதவீதம் பேருக்குக் காய்ச்சல், தடிப்பு, வயிற்றுக் கோளாறு, மூச்சுத்திணறல் என ஒவ்வாமை வந்தது. எச்எல்ஏ-பி*57:01 என்ற நோயெதிர்ப்பு மரபணு வகை உள்ளவர்களிடம்தான் அது வருகிறது என்று தெரிந்ததும் 1,956 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2008இல் வெளியானது. முன்கூட்டியே சோதித்து, அந்த வகை உள்ளவர்களுக்கு மருந்தைத் தவிர்த்த பிரிவில், தோல் பரிசோதனையால் உறுதி செய்யப்பட்ட ஒவ்வாமை ஒருவருக்குக்கூட வரவில்லை. சோதிக்காத பிரிவில் 2.7 சதவீதம். ஒருமுறை இந்த ஒவ்வாமை வந்தவருக்கு அபகாவிரை மறுபடி கொடுத்தால் உயிரே போகலாம். ‘ஒரு தடவை கொடுத்துப் பார்ப்போம்’ என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமசெபின் இன்னொன்று. 2004இல் தைவானில், இந்த மருந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வந்த 44 பேரைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் எச்எல்ஏ-பி*15:02 இருந்தது. மருந்து ஒத்துக்கொண்ட 101 பேரில் மூன்று பேரிடம்தான் இருந்தது. தோலும் வாயின் உட்புறமும் கண்ணின் மேற்பரப்பும் வெந்ததுபோல உரிந்துபோகும் நோய் இது. பிழைத்தவர்களிலும் சிலர் பார்வை இழக்கிறார்கள். தென்கிழக்காசியா, தென் சீனம், இந்தியாவின் சில பகுதிகள் எனப் பல இடத்து மக்களிடம் இந்த வகை உண்டு. ஆசிய வம்சாவளியினரை முதலில் சோதிக்கும்படி 2007இலேயே பரிந்துரை வந்துவிட்டது. இரண்டு விஷயத்தை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். *15:02 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனாலும் வந்தால் என்னாகும் என்பதை நினைத்தால் வேறு மருந்து தேடுவதுதான் முறை. ஆக்ஸ்கார்பசெபினையும் ஃபெனிடாயினையும் மாற்றாக எடுக்கக் கூடாது, அவற்றுக்கும் இதே ஆபத்து உண்டு. அடுத்தது, *15:02 இல்லை என்று வந்தாலும் தோல் எதிர்வினை வரவே வராது என்று அர்த்தமில்லை. எச்எல்ஏ-ஏ*31:01 என்று வேறொரு வகையும் இருக்கிறது. ஆபத்து முதல் இரண்டு, மூன்று மாதங்களில்தான் மிகுதி. அதற்குள் காய்ச்சலோடு கண் எரிச்சல், வாய்ப்புண், தொட்டால் வலிக்கும் தடிப்பு ஆகியவை வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பல வருடமாகத் தொல்லையில்லாமல் சாப்பிடுபவர் இப்போது சோதித்துப் பயப்படத் தேவையில்லை.

அசதையோபிரினும் மெர்காப்டோபியூரினும் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியவை. குடல் அழற்சி, ரத்தப் புற்று, தன்னுடல் தாக்கு நோய்கள் எனப் பலதுக்கும் இவை போகின்றன. உடம்புக்குள் இவை தையோகுவனின் பொருள்களாக மாறி வெள்ளணு உற்பத்தியை அடக்குகின்றன. அந்த அடக்குதலை எல்லைக்குள் வைத்திருப்பவை டிபிஎம்டி, என்யுடிடி15 என்ற இரண்டு நொதிகள். வெவ்வேறு இடத்தில் நின்று மருந்தைச் செயலிழக்கச் செய்கின்றன. இதில் ஏதாவது ஒன்று பலவீனமாக இருந்தாலும் எலும்பு மஜ்ஜை தாங்காது. பழைய பாடநூல்கள் டிபிஎம்டியை மட்டும் சொல்லும். ஐரோப்பிய வம்சாவளியினரில் பத்தில் ஒருவருக்கு அது பாதியளவு, சுமார் 300இல் ஒருவருக்குச் சுத்தமாக இல்லை. ஆனால் ஆசியர்களிடம் டிபிஎம்டி சரியாக இருந்தும் வெள்ளணுக்கள் சரிந்துகொண்டே இருந்தன. காரணம் 2014இல்தான் கொரிய நோயாளிகளிடம் கண்டறியப்பட்டது, அதுதான் என்யுடிடி15. கிழக்காசியர், தெற்காசியரிடம் இதுதான் பெரிய பங்கு. டிபிஎம்டியை மட்டும் பார்த்துவிட்டு ‘இயல்பு’ என்று வரும் அறிக்கை இவர்களுக்குப் பாதி அறிக்கைதான்.

அசதையோபிரினின் முழு அளவு நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 2 முதல் 3 மில்லிகிராம். இடைநிலைக்காரருக்கு அதில் 30 முதல் 80 சதவீதத்தில் தொடங்கி, ரத்த எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். டிபிஎம்டி சுத்தமாக இல்லாதவருக்குப் புற்றுநோய் சிகிச்சையில் அளவைப் பத்தில் ஒன்றாக்கி, தினமும் தராமல் வாரம் மூன்று நாள் தருவார்கள். புற்றுநோய் இல்லாத பிற நோய்களுக்கு என்றால் வேறு மருந்துக்குப் போய்விடுவதே நல்லது. சோதனை சரியாக இருந்தாலும் முதல் ஒன்றிரண்டு மாதம் அடிக்கடி ரத்த எண்ணிக்கை பார்ப்பதை விடக்கூடாது. கவனிக்க வேண்டிய அறிகுறி ஒன்று: என்யுடிடி15 இல்லாதவர்களுக்கு முதல் சில வாரத்திலேயே தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். சீப்பில் வருவது அல்ல, தலையணையில் கற்றையாகக் கிடக்கும் அளவுக்கு. அதைப் பார்த்தால் எண்ணெயை மாற்றிக்கொண்டிருக்காமல் அன்றே வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். யூரிக் அமிலத்துக்காக அல்லோப்பூரினால் சாப்பிடுபவருக்கு மரபணு எதுவாக இருந்தாலும் அசதையோபிரினைக் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் குறைக்க வேண்டும், ஏனென்றால் மருந்தைக் கழிக்கும் இன்னொரு வழியை அது அடைத்துவிடுகிறது.

புற்றுநோய்க்கான ஃப்ளூரோயுராசிலையும் கேபசைடபின் மாத்திரையையும் உடம்பில் சிதைக்கும் நொதிக்கான மரபணு டிபிஒய்டி. ஐரோப்பிய மருந்து முகமை 2020 முதல், சிகிச்சைக்கு முன் சோதிக்கச் சொல்கிறது. ஒரு பிரதி பழுதென்றால் பாதி அளவில் தொடங்குவார்கள். வழக்கமாகப் பார்க்கும் நான்கு மாற்றங்களும் ஐரோப்பியரிடம் கண்டவை, மற்ற மக்களிடம் அரிது. அதனால் பிற வம்சாவளியினருக்கு ‘நான்கும் இல்லை’ என்ற முடிவு தரும் நிம்மதி குறைவு. மரபணுவை முழுசாகப் படிக்கும் சோதனையோ, ரத்தத்தில் யுராசில் அளவோ கிடைத்தால் அதைக் கேட்க வேண்டும். முதல் சுற்றின் ஆரம்பத்திலேயே நிற்காத வயிற்றுப்போக்கும் விழுங்க முடியாத வாய்ப்புண்ணும் வந்தால் மீதி மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். இந்த நச்சை முறிக்கும் மருந்தான யூரிடின் டிரைஅசிடேட்டைக் கடைசி மருந்து போய் 96 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். தாமதித்தால் பலனில்லை.

மரபணுவைப் பார்ப்பதைவிட நொதியையே அளப்பது மேல் என்ற நிலையும் உண்டு. மலேரியாவுக்கான பிரைமாகுவின், டஃபெனோகுவின், தொழுநோய்க்கான டாப்சோன், யூரிக் அமிலத்தைச் சட்டென்று இறக்கும் ராஸ்புரிகேஸ் ஆகியவை ஜி6பிடி என்ற நொதி குறைபட்டவரின் சிவப்பணுக்களை உடைக்கும். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகும். இங்கே இரண்டு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. அணுக்கள் உடைந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஜி6பிடி பார்த்தால் அளவு சரியாகவே வரலாம். குறைபாடுள்ள பழைய அணுக்கள் ஏற்கெனவே உடைந்துபோய், நொதி கூடுதலாக உள்ள இளம் அணுக்கள்தான் குழாயில் மிஞ்சியிருக்கும். இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ரத்தம் ஏற்றிக்கொண்ட பிறகு பார்ப்பதும் இப்படித்தான், தெரிவது கொடுத்தவருடைய நொதி. அடுத்த தவறு பெண்கள் விஷயத்தில். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஒரு பிரதி மட்டும் பழுதான பெண்ணிடம் நல்ல அணுவும் குறையுள்ள அணுவும் கலந்திருக்கும். ‘உண்டு, இல்லை’ என்று மட்டும் சொல்லும் சோதனை அவரை ‘இயல்பு’ என்று விட்டுவிடும். டஃபெனோகுவின் கொடுக்கும் முன் அளவை எண்ணாகச் சொல்லும் சோதனையே வேண்டும், இயல்பில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அந்த மருந்து.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினுக்கு? ஒருவருக்கு நாளுக்கு ஒரு மில்லிகிராம் போதும், இன்னொருவருக்குப் பத்தும் போதாது. அதில் கணிசமான பகுதியைச் சிஒய்பி2சி9, விகேஓஆர்சி1 என்ற இரண்டு மரபணுக்களும் விளக்கிவிடும். அப்படியும் நான் இதை முதல் வரிசையில் வைக்க மாட்டேன். 2013இல் ஒரே நேரத்தில் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் ஐரோப்பிய ஆய்வு பலன் இருக்கிறது என்றது, அமெரிக்க ஆய்வு இல்லை என்றது. அமெரிக்க ஆய்வில் கறுப்பின நோயாளிகளுக்கு மரபணுக் கணக்கு பாதகமாகவே முடிந்தது, அவர்களிடம் மிகுதியாக உள்ள மாற்றங்களை அந்தக் கணக்கு சேர்க்கவே இல்லை. வார்ஃபரினுக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற நேரடி அளவுகோல் கையில் இருக்கிறது. அதை ஒழுங்காகப் பார்ப்பவருக்கு மரபணு கூடுதலாகச் சொல்வது முதல் சில நாள்களுக்கு மட்டும்தான். மனநல மருந்துகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பிரித்துத் தரும் தொகுப்புச் சோதனைகளைப் பற்றியும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். மருந்து தேங்குமா, சீக்கிரம் கழியுமா என்பதைச் சில மருந்துகளுக்கு அவை சரியாகச் சொல்லும். எந்த மருந்து உங்கள் மனச்சோர்வைத் தீர்க்கும் என்பது அவற்றுக்குத் தெரியாது. பச்சைக் கட்டத்தில் இல்லை என்பதற்காக, நன்றாகப் பலித்துக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்தியவர் மறுபடி நோயில் விழலாம்.

மயக்க மருந்து தனிக் கதை. சக்ஸமெதோனியம் போட்டால் தசைகள் ஐந்து, பத்து நிமிடம் செயலிழக்கும். அதைச் சிதைக்கும் நொதி குறைபட்டவருக்கு அது மணிக்கணக்கில் நீளும், அதுவரை இயந்திரம்தான் மூச்சு விட வேண்டும். ஆரிய வைசிய சமூகத்தில் இந்தக் குறைபாடு அடிக்கடி காணப்படுவது மயக்க மருத்துவர்கள் அறிந்தது. டைபுகைன் எண் என்ற ரத்தப் பரிசோதனை இதன் ஒரு வகையைக் காட்டும்: இயல்பானவருக்கு 80க்கு அருகில், ஒரு பிரதி மாறியவருக்கு 60 அளவில், இரண்டும் மாறியவருக்கு 20 அளவில். நொதியின் தரம் மாறாமல் அளவு மட்டும் குறைந்திருந்தால் இந்த எண் இயல்பாகவே காட்டும் என்பதால் நொதியின் மொத்தச் செயல்பாட்டையும் சேர்த்து அளக்க வேண்டும். வீட்டில் யாராவது அறுவைக்குப் பின் ‘கண் விழிக்க நேரமாகிவிட்டது, வென்டிலேட்டரில் வைத்தார்கள்’ என்றோ, ‘மயக்கத்திலேயே உடம்பு கொதித்துவிட்டது’ என்றோ சொல்லக் கேட்டிருந்தால், அது பழைய பேச்சு என்று விடாமல் மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மாதிரி எடுப்பது எளிது. ஊதா மூடிக் குழாயில் இரண்டு, மூன்று மில்லி ரத்தம், அல்லது கன்னத்தின் உட்புறம் தேய்த்த பஞ்சுக் குச்சி. வெறும் வயிறு தேவையில்லை, எச்சில் என்றால் மட்டும் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருக்க வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவரின் ரத்தத்தில் கிடைப்பது கொடையாளியின் மரபணு, எச்சிலிலும் அது கலந்திருக்கும். கல்லீரல் மாற்றியவரிடம் நிலைமை நேர்மாறு: ரத்தத்தில் அவருடைய மரபணு, ஆனால் மருந்தைச் சிதைப்பது கொடையாளியின் கல்லீரல். இரண்டையும் மாதிரிப் படிவத்தில் எழுதிக் கொடுக்காவிட்டால் ஆய்வகத்துக்குத் தெரிய வழியே இல்லை.

முடிவு வந்ததும் கோப்பில் போட்டு மூடிவிடாமல் ஒரு சிறு அட்டையில் இவற்றை எழுதி, மருந்துச் சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்: மரபணுவின் பெயர், நட்சத்திரக் குறியோடு இரண்டு எண்கள், அதன் பொருள், சோதித்த தேதி, ஆய்வகம், தேடப்பட்ட மாற்றங்கள். ‘மந்தம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. எண் எழுதப்பட்டிருந்தால்தான், வழிகாட்டுதல் மாறும்போது இன்னொரு முறை ரத்தம் எடுக்காமலேயே பொருளைத் திருத்திக்கொள்ள முடியும். மந்தம் என்றோ எச்எல்ஏ வகை உண்டு என்றோ வந்திருந்தால், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த அட்டையின் நகல் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். அதே மருந்து அவர்களுக்கு எழுதப்படும் நாளில் அது தேவைப்படும்.